மாமனார் பெயரில் ஒரு மெஷின்

பழைய மெஷினை அணைத்து, புதியதை ஓடவிட்டு ஒரு மணி நேரமாகியும் பழையதே பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

கராகோல் ஊருக்குப் பஸ் டிக்கெட் விற்கும் இணையதளம் எந்த மெஷினில் ஓடுகிறது என்று விசாரித்துச் சொல்ல, சாய்கால் நாலு வரி நிரல் எழுதியிருந்தாள். திரையில் அந்தப் பக்கம் சொன்னது: லினக்ஸ். ஓடத் தொடங்கி முப்பத்தொன்பது நாள். மெஷினின் பெயர், மாமனார் பெயர்.

பழைய மெஷினுக்குத் தன் பெயரையே வைத்த மனிதர் அவர். இறந்து இன்றோடு நாற்பது நாள். முற்றத்தில் விருந்துக்குக் குதிரைக்கறி வெந்துகொண்டிருந்தது.

கொழுந்தன் எர்மெக் வாசலில் வந்து நின்றான். "மத்தியானத்துக்குள்ள புது மெஷின் ஓடலைன்னா ஆபீஸ் சாவி எனக்கு. அம்மா சொன்னது ஞாபகம் இருக்கா அண்ணி?"

"இருக்கு, இருக்கு. தள்ளி நில்லு."

புது மெஷினை அணைத்து எழுப்பினாள். அது எழுந்திருக்கும் முன்பே பக்கம் பதில் சொன்னது. அதன் கம்பியையே பிடுங்கினாள். திரையில் மாமனார் பெயர் அசையவில்லை.

கம்பியைச் செருகிவிட்டு, வேறெங்காவது ஒரு நகல் ஓடுகிறதோ என்று, வாடகைக்கு மெஷின் வைக்கும் கூடத்துக்குப் போன் போட்டாள். அங்கே வேலை பார்க்கும் பாக்கிர் எடுத்தான்.

"தம்பி, எங்க தளம் உங்ககிட்ட ஓடுதா பாரு. உடனே நிறுத்தணும்."

"இங்க எண்பது மெஷின் இருக்குக்கா. பேரைச் சொல்லுங்க."

"சொல்லக்கூடாது."

"ரகசியமா?"

"மாமனார்."

"அந்தப் பேர்ல ஒண்ணும் இல்லையே."

"மாமனார் பேருடா. மருமக வாயால சொல்லலாமா?"

"சரி, எழுதி அனுப்புங்க."

"எழுதவும் கூடாது. பெரியவர், வீட்டுக்கு மூத்தவர்னு தேடிப் பாரேன்."

"அக்கா, இங்க ஒருத்தர் வேற காத்துக்கிட்டிருக்கார்."

எர்மெக் கையை நீட்டினான். "சாவி."

பதினேழு வருஷம் நாக்கில் வராத பெயர். சாய்கால் கண்ணை மூடிக்கொண்டாள். "ஷாயிம்பெத்," என்றாள்.

"நிறுத்திட்டேன்க்கா," என்றான் பாக்கிர். எர்மெக்கின் கை கீழே இறங்கியது. திரையில் புது மெஷினின் பெயர் வந்திருந்தது.

"ஓடுது," என்றாள். "தம்பி, அதை யாரு அங்க கொண்டாந்து வச்சது?"

"அவரேதான்க்கா. மருமக வாயால என் பேரைக் கேட்டப்புறம் நிறுத்துன்னு சொல்லிட்டு, முப்பத்தொன்பது நாளா என் எதிர்லயே உக்காந்திருக்கார். இப்பக் கறி வெந்துடுச்சான்னு கேக்கறார்."