முதற்கனி அண்ணாச்சியின் முதல் பார்வை

காலை எட்டே காலுக்கு எங்கள் கோயில் வாசலில் ஆட்டோ நின்றது. முதலில் தெரிந்தது ஒரு கால். தரை எங்கே என்று தேடிக்கொண்டிருந்தது. அடுத்து ஒரு கறுப்புக் கண்ணாடி. அதற்குப் பின்னால், இரண்டு கண்களையும் இறுக்க மூடியபடி முதற்கனி அண்ணாச்சி.

தாமிரபரணி பாயும் ஊர்களில், எதையும் முதலாவதாக அனுபவிக்காமலே பேரன் பேத்தி எடுத்த மனிதர் அவர் ஒருவர்தான். வண்ணார்பேட்டையில் வாழைத்தார் மண்டி வைத்திருந்தார். முதற்பலன் கர்த்தருக்கு என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். நாங்கள் அதை முதல் தாரோடும் முதல் சம்பளத்தோடும் நிறுத்திக்கொள்வோம். அண்ணாச்சிக்கு நிறுத்தத் தெரியாது.

புது மிக்சி வந்தால் முதல் சட்னி ஐயர் வீட்டுக்குப் போகும். பாதிரியாரை எங்கள் சபையில் ஐயர் என்றுதான் சொல்வோம். செல்போன் வாங்கிய அன்று முதல் அழைப்பும் அவருக்கே போனது. “ஒண்ணும் விசேசமில்ல ஐயரே. மொத போனு. வச்சிருதேன்.” பல்செட் மாட்டிய அன்று முதல் வார்த்தை ‘ஸ்தோத்திரம்’ ஆக இருக்கவேண்டும் என்று, பல் டாக்டர் வீட்டிலிருந்து கோயில் வரை வாயே திறக்காமல் வந்தார். பீடத்தின் முன் நின்று திறந்தார். விசில்தான் வந்தது.

ஸ்கூட்டர்தான் எல்லாவற்றிலும் மோசம். முதல் சவாரி ஐயருக்கு. அண்ணாச்சி ஓட்டிப் பழகியிருக்கவில்லை. பழகினால் அது முதல் சவாரி ஆகாது என்பது அவர் வாதம். பாளையங்கால்வாயிலிருந்து இருவரையும் நாங்கள் நாலு பேர் தூக்கினோம். ஈர அங்கியைப் பிழிந்துகொண்டே ஐயரம்மா சொன்னார்: “லிப்ட் வச்ச வீடு மட்டும் கெட்டிராதீங்க அண்ணாச்சி.”

இத்தனையிலும் நஷ்டப்பட்ட ஒரே ஆள் அவர் மனைவி ஞானம் மதினி. அந்த வீட்டில் தினமும் முதல் தோசை கோயில் வாசலில் உட்கார்ந்திருக்கும் கிழவருக்குப் போகும். “கெட்டிக்கிட்டு வந்த நாள்லருந்து எனக்கு ரெண்டாவது தோசதான் தம்பி,” என்பார் மதினி. “கர்த்தரோட போட்டி போட முடியுமா?”

பிறகு இரண்டு கண்களிலும் புரை விழுந்தது. அண்ணாச்சி பயத்தில் ஆபரேஷனைத் தள்ளித் தள்ளிப் போட்டார். கடைசியில் ஆளைக் குரலை வைத்தும், தாரைத் தடவியும் கண்டுபிடிக்கும் நிலைமை. அப்போதுதான் பொருத்தனை பண்ணிக்கொண்டார்: பார்வை திரும்பினால் முதலில் காண்பது பீடமாக இருக்கவேண்டும்.

வலது கண்ணுக்கு ஆபரேஷன் நடந்தது. மறுநாள் காலை கட்டை அவிழ்த்துவிட்டு, சுவரில் இருக்கும் எழுத்தை வாசிக்கச் சொன்னார் டாக்டர். அண்ணாச்சி இரண்டு கண்களையும் இறுக்கிக்கொண்டார். டாக்டர் கெஞ்சினார், மிரட்டினார், அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். “எழுத்து எங்கயும் ஓடிராது டாக்டரம்மா. கோயிலப் பாத்துட்டு வந்து ஒப்பிக்கேன்.”

அப்படித்தான் அந்த ஆட்டோ வந்தது. ஒரு கையை மதினியும் மறுகையை நானும் பிடித்துக்கொண்டோம். தகவல் போயிருந்ததால், ஐயர் எல்லா விளக்கையும் போட்டு, மெழுகுவர்த்தியும் ஏற்றி, பீடத்தின் ஓரமாகத் தாம் கண்ணில் படாதபடி ஒதுங்கி நின்றார். வாசல் வேம்பில் ஏதோ குருவி கத்தியபோது அண்ணாச்சி இமையை இன்னும் இறுக்கினார்.

“பைய வாங்க. படி வருது,” என்றார் மதினி. அவர் கண் முழுக்க அண்ணாச்சியின் காலில் இருந்தது. தன் காலை அவர் பார்க்கவில்லை. கழுவிவிட்ட படி. வழுக்கி உட்கார்ந்தார். “அம்மா” என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

அண்ணாச்சி கண்ணைத் திறந்துவிட்டார்.

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். மதினி பதறி எழுந்து, ஒரு கையால் அவர் கண்ணைப் பொத்தினார். “மூடுங்க, மூடுங்க. நான் ஒண்ணும் கணக்கில்ல. உள்ள போயி தொறங்க.”

அண்ணாச்சி அந்தக் கையை மெல்ல எடுத்துவிட்டார். மதினியின் தலையை நெற்றியிலிருந்து உச்சி வரை பார்த்தார். பொருத்தனை போன துக்கமோ என்று நான் நினைத்தேன்.

“ஏளா, நீ எப்ப இம்புட்டு நரைச்ச?”

மதினி முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டார். உள்ளே ஐயர் நின்றபடியே இருக்க, மெழுகு உருகிக்கொண்டிருந்தது.

மார்கழியில் அண்ணாச்சியின் இடது கண்ணுக்கு ஆபரேஷன் நடந்தது. கட்டு அவிழ்த்தபோது எதிர் நாற்காலியில் மதினி உட்கார்ந்திருந்தார், தலைக்குச் சாயம் போட்டு.