அம்பூனை

"அண்ணன் போன் பண்ணினார். அவர் பேரையே கெடுத்துட்டீங்களாம். சாயங்காலம் நேர்ல வந்து பேசிக்கறேன்னு வச்சிட்டார்" என்றாள் மனைவி.

நாவலாசிரியருக்குச் சுருக்கென்றது. மூன்று சூரியன், பறக்கும் ஆமை, பேசும் எரிமலை என்று எல்லாவற்றையும் சொந்த மூளையைக் கசக்கி எழுதுகிறவர் அவர். அரக்கனை மட்டும் மச்சானிடமிருந்து எடுத்திருந்தார் என்பது உண்மைதான். மச்சானைச் சொந்தபந்தமெல்லாம் புலி என்றுதான் கூப்பிடும்; அரக்கனின் பெயர் பெரும்புலி. இருவருக்கும் தங்கப்பல். யார் வீட்டுக்குப் போனாலும் மச்சான், "சும்மா ஒரு யோசனை சொல்றேன்" என்று ஆரம்பிப்பார். ஊரைக் கொளுத்தும் முன் பெரும்புலியும் அதையேதான் சொல்வான். அதற்காக இப்படியா? கற்பனை என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற ஜென்மங்கள்.

"உலகத்துல தங்கப்பல் கட்டினவர் உங்க அண்ணன் ஒருத்தர்தானா?" என்று எகிறினார்.

"நீங்க எழுதற மாடி ரூம் அண்ணனோடது. பூட்டிட்டார்னா எங்க உக்காருவீங்க? என் தையல் மெஷின் பக்கத்துலயா?"

நாவலாசிரியர் கணக்குப் போட்டுப் பார்த்தார். முதல் பாகம் கடைக்கு வந்துவிட்டது, அதை இனி ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாம் பாகம் அன்று மதியம் அச்சுக்குப் போகவேண்டும். அதிலிருந்தாவது மச்சானைத் துடைத்து எடுத்துவிட வேண்டியதுதான். அறை போனால் மூன்றாம் பாகம் இல்லை.

பொருமிக்கொண்டே உட்கார்ந்தார். முதலில் பல்லைப் பிடுங்கினார். தங்கப்பல் மின்னியதைப் பார்த்து மிரண்டு ஓடிய சேனை, இப்போது காரணமே இல்லாமல் ஓடியது. பிறகு யோசனை சொல்லும் வசனத்தை நீக்கினார். பெரும்புலி வாயே திறக்காமல் ஊர் ஊராகக் கொளுத்திக்கொண்டு போனான்.

மனைவி படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "இது இன்னும் மோசம். யோசனை சொல்லாம இருந்தா அண்ணன் நிஜமாவே கோபமா இருக்கார்னு அர்த்தம். எல்லாருக்கும் தெரியுமே."

பல்லைக் கடித்துக்கொண்டு அரக்கனை நல்லவனாக்கினார். கடைசி அத்தியாயத்தில் இளவரசனுக்காக உயிரையே விட்டான். இனி பெயர்தான் பாக்கி. வந்த ஆத்திரத்தில், புலி என்று வருகிற இடத்திலெல்லாம் பூனை என்று மாற்றச் சொல்லிக் கம்ப்யூட்டருக்குக் கட்டளையிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் பதிப்பாளருக்கு அனுப்பிவிட்டார்.

பொழுது சாய்கிற நேரத்தில் பதிப்பாளர் கூப்பிட்டார்.

"இளவரசி முகம் அம்பூனை மாதிரி இருக்குன்னு எழுதியிருக்கீங்களே சார், அம்பூனைன்னா என்ன?"

பிரதியைத் திறந்து பார்த்தார். அம்புலிக்குள்ளும் ஒரு புலி இருப்பது அவருக்குத் தோன்றவேயில்லை. கதை முழுக்க அம்பூனை உதித்தது, தேய்ந்தது, ஏரியில் மிதந்தது. காதலர்கள் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள்.

"உடனே நிறுத்துங்க" என்று அலறினார்.

"அச்சு ஓடி முடிஞ்சாச்சு சார். நீங்கதான் பக்கத்துக்கு ஒரு புது வார்த்தை கண்டுபிடிப்பீங்களே. அதுல ஒண்ணுன்னு பிழை திருத்தறவர் விட்டுட்டார்."

அவர் போனை வைக்கவும் மச்சான் படியேறி வரவும் சரியாக இருந்தது. கையில் முதல் பாகம். நாவலாசிரியருக்கு அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொத்துக்கொண்டு வந்தது.

"இப்ப திருப்தியா மச்சான்? இரண்டாம் பாகத்துல உங்க பல் இல்ல, உங்க பேச்சு இல்ல, உங்க பேரும் இல்ல. பெரும்புலி இப்ப பெரும்பூனை. ரூமைப் பூட்டணும்னா பூட்டிக்கோங்க."

மச்சானின் முகம் தொங்கிப்போனது. நாற்காலியில் மெல்ல உட்கார்ந்து, புத்தகத்தின் பின்னட்டையைத் திருப்பி நீட்டினார். அது பதிப்பாளர் எழுதியது. அடுத்தவர் எழுத்தை நாவலாசிரியர் படிப்பதில்லை. இப்போது படித்தார். 'உலகையே நடுங்கவைக்கும் பெரும்புளி' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

"இந்த அரக்கன் நான்தான்னு கடைத்தெரு முழுக்கக் காட்டினேன், எல்லாரும் சிரிக்கறாங்க" என்றார் மச்சான். "சும்மா ஒரு யோசனை சொல்லலாம்னு வந்தேன் மாப்ள, புளியைப் புலியாக்குங்கன்னு. நீங்க என்னடான்னா பூனையாக்கிட்டீங்க."