பின்னறைப் பெட்டிக்கு நான் கொடுத்த சான்றிதழ்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் மாமியாரும் சுகம். நீங்கள் பின்னறையில் வைத்துவிட்டுப் போன, இன்டர்நெட் பணக் கணக்கைச் சரிபார்க்கும் கிரிப்டோ நோடு பெட்டியும் சுகம். அங்கே நீங்களும் என் மகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பி, நேராக வெற்றிச் செய்திக்கு வருகிறேன்.

போன வாரம் முன்னறைக் கம்ப்யூட்டரில் இருக்கும் உங்கள் வாலட் என்கிற டிஜிட்டல் பணப்பை, பின்னறைப் பெட்டியோடு பேச மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது அல்லவா? பெட்டியின் அடையாளச் சான்றிதழ் காலாவதி என்றது. நீங்கள் போனில், "மாமா, மாடியில குடியிருக்கிறவங்களும் நம்ம வைஃபையைத்தான் பயன்படுத்துறாங்க. சான்றிதழ் இல்லாம இணைச்சா நடுவுல யாரும் ஒட்டுக்கேக்கலாம், நான்தான் நோடுன்னு நடிக்கவும் செய்யலாம். உங்களுக்குச் சிரமம்னா பெட்டியைச் சித்தப்பா வீட்டுக்கு மாத்திடலாம்" என்றீர்கள். சித்தப்பா என்றால் என் சகலை. அதைக் கேட்டதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு என்னை நம்பி ஒருவர் ஒப்படைத்த ஒரே பொருள் அந்தப் பெட்டிதான். அதுவும் அவரிடம் போய்விட்டால் நாலு பேர் முன்னால் நான் எந்த முகத்தோடு உட்காருவது?

சகலைக்கு எப்படியோ மூக்கில் வியர்த்துவிட்டது. நேற்றுக் காலையிலேயே கார் டிக்கியைக் காலி பண்ணிக்கொண்டு வந்து, "அண்ணே, பெட்டியை எப்ப தூக்கலாம்?" என்றார். நான் உடனே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, நீங்கள் எழுதி அனுப்பிய குறிப்பின்படி புதுச் சான்றிதழ் உண்டாக்கும் கட்டளையைத் தட்டினேன். எத்தனை நாள் என்ற இடம் வந்தது. "ஒரே நாள் போதும்" என்று அவர் காதில் விழும்படி சொல்லி, ஒன்று என்று போட்டேன். அடுத்து பெயர் கேட்டது. இனிஷியல், பட்டம், வகித்த பதவி, ஓய்வு பெற்றவர் என்பது வரை ஒன்று விடாமல், இடைவெளி விடாமல் ஒட்டிக் கொடுத்தேன். ரகசியச் சாவியும் சான்றிதழும் பிறந்தன. சாவியைப் பெட்டிக்குள்ளேயே பத்திரப்படுத்தி, சான்றிதழை மட்டும் வாலட்டிடம் நீட்டினேன். சான்றிதழில் ஒரு பெயர், பெட்டிக்கு வேறு பெயர், ஒத்துக்கொள்ள முடியாது என்றது வாலட். சகலை எழுந்து சட்டைக் கையை மடித்துவிட்டார். அடுக்களையிலிருந்து உங்கள் மாமியார், "அது கேட்டது பெட்டியோட பேரை. உங்க பேரை யாரு கேட்டா?" என்றாள். சர்வீஸ் முழுக்க, கொடுத்த சான்றிதழை நான் அடித்துத் திருத்தியதே கிடையாது. ஆகவே சான்றிதழைத் தொடாமல் பெட்டிக்கு என் பெயரை வைத்தேன். பட்டம், பதவி எல்லாம் சேர்த்துத்தான். வாலட்டிலும் அதையே கொடுத்ததும் பூட்டுப் படம் பச்சையாகிவிட்டது.

சகலை காலி டிக்கியோடு போனார். வாசல் வரை போய்க் கையாட்டினேன். பதவி உயர்வு வந்த அன்றுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை, மாப்பிள்ளை. இனி மாடி வீட்டுக்காரர் தலைகீழாக நின்றாலும் ஒரு எழுத்தை ஒட்டுக்கேட்க முடியாது.

பெட்டியைப் பற்றிய கவலையை என்னிடம் விட்டுவிட்டு, நீங்கள் இருவரும் வயிறாரச் சாப்பிட்டு, நிம்மதியாகத் தூங்கி, நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது வாலட் மறுபடியும் சான்றிதழ் காலாவதி என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. எத்தனை நாள் என்று கேட்டது வேலையை முடிப்பதற்கு அல்லவாம், சான்றிதழ் செல்லுபடியாவதற்காம். உங்கள் மாமியார் உங்கள் குறிப்பைப் படித்துச் சொல்லி, தன் தங்கை வீட்டுக்கு, அதாவது சகலைக்கு, போனும் போட்டுவிட்டாள். வாசலில் ஹாரன் கேட்கிறது. பெட்டி போகட்டும். ஆனால் அதன் பெயரை மட்டும் நீங்கள் மாற்றிவிட வேண்டாம். இனி அதை இணைக்கும்போதெல்லாம் சகலை என் இனிஷியல், பட்டம், பதவி எல்லாவற்றையும் ஓர் எழுத்துப் பிசகாமல் தட்டியாக வேண்டும்.