முப்பது நாள் தொடாத பொருள்

ஐந்து வாரம் காய்ச்சலில் கிடந்துவிட்டு, இன்றைக்காவது நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிப்போம் என்று வீட்டுக்காரர் கூடத்துக்கு வந்தார். பேப்பர் இருந்தது. நாற்காலியைக் காணோம்.

“நாற்காலி எங்கே?”

“கீழ போயிடுச்சு” என்றாள் மனைவி சமையலறையிலிருந்து.

“தானா நடந்தா போச்சு?”

“முப்பது நாளா யாரும் உக்காரல. அதுல ஒட்டியிருந்த சீட்டுல தேதி தாண்டிடுச்சு. எடுத்துட்டுப் போய் வெச்சுட்டேன்.”

“நான்தான் படுத்துக் கெடந்தேனே!”

“அதைத்தான் நானும் சொல்றேன். யாரும் உக்காரல.”

மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். அங்கே ஒவ்வொரு குப்பியிலும் தேதி எழுதி ஒட்டுவார்கள். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஆறு மாதம் முன்பு வீட்டுக் குப்பையைக் குறைத்தே தீருவது என்று முடிவு செய்தாள். அவள் முடிவு செய்தால் செய்ததுதான், பிரம்மா வந்தாலும் மாற்ற முடியாது. கடைக்குப் போனால் துணிப்பையும் டப்பாவும். காய்கறித் தோலுக்குப் பால்கனியில் உரத்தொட்டி. கிழிந்ததற்குத் தையல், உடைந்ததற்குப் பசை. முப்பது நாள் யார் கையும் படாத பொருளுக்கு ‘எடுத்துக்கோ அறை.’

அது அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. வேண்டாததைக் கொண்டுபோய் வைக்கலாம், வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடுதான், யார் குறை சொன்னது? ஆனால் வீட்டுக்காரருக்கு அதைக் கேட்டதும் தன் நினைப்பு வந்துவிட்டது. ஐந்து வாரம் யாருக்கும் உபயோகப்படாமல் இந்த வீட்டில் கிடந்தது நாற்காலி மட்டும் இல்லையே!

“சட்டைக் கை ஏன் இவ்ளோ நீளமா இருக்கு?” என்று பேச்சை மாற்றினார். கை விரல் நுனிவரை தொங்கியது.

“காய்ச்சல்ல இளைச்சுட்டீங்க.”

“கை நீளம்கூடவா இளைக்கும்?”

“எல்லாம் இளைக்கும். மடிச்சு விட்டுக்குங்க.”

மடித்து விட்டுக்கொண்டார். காய்ச்சலில் உடம்பு மட்டும் இளைக்கவில்லை, ஞாபகமும் இளைத்துவிட்டது. காய்ச்சலுக்கு முந்தையது எதுவும் நினைவில் இல்லை. டாக்டர் அப்படித்தான் இருக்கும் என்றாராம். மனைவிதான் சொன்னாள். டாக்டர் முகமும் அவருக்கு நினைவில்லை.

சரி, உபயோகமாக இருந்து காட்டிவிட்டால் தீர்ந்தது என்று வீட்டுக்காரர் கணக்குப் போட்டார். அதுவும் அவளுக்குப் பிடித்த வேலையிலேயே. அந்த வீட்டில் மாலை போடாத தெய்வம் ஒன்று உண்டென்றால் அது சமையலறை வாசலில் தொங்கும் வில் தராசுதான். ஞாயிறு காலை வாரக் குப்பையை அதில் மாட்டி எடை பார்ப்பாள். போன வாரம் எண்ணூறு கிராம். அதைக் குறைத்துக் காட்டினால் தன்னை யார் கீழே அனுப்ப முடியும்?

“இன்னிக்குக் கடைக்கு நான் போறேன்” என்றார்.

மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள். “முடியுமா?”

“பேஷா முடியும்!”

துணிப்பையும் ஐந்து டப்பாவும் கொண்டு போனார். அரிசி, பருப்பு, சர்க்கரை எல்லாம் ஒழுங்காக டப்பாவில் ஏறின. எண்ணெய் டப்பாவுக்கு மட்டும் மூடி வீட்டில் இருந்தது. எண்ணெய் சிந்தாமல் இருக்கக் கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் பை போட்டார். அது ஒழுகவே இன்னொன்று. அதுவும் ஒழுகவே இரண்டு பேப்பர், மேலே மூன்றாவது பை. வீட்டு வாசலை அடைந்தபோது எண்ணெயில் பாதி படிக்கட்டில் இருந்தது, மீதி அரிசியில்.

“பரவாயில்ல” என்றாள் மனைவி. அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பரவாயில்லை என்றவள் ஒரு பென்சிலை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டாள்.

மறுநாள் அவள் வேலைக்குப் போனதும் உரத்தொட்டியில் கை வைத்தார். காய்கறித் தோல், மேலே காய்ந்த சருகு என்று அவள் பார்த்துப் பார்த்து அடுக்கியிருந்தாள். இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே என்று வீணாகிப்போன அரிசியையும், திரிந்த பாலையும், ஒழுகிய எண்ணெய் துடைத்த துணியையும் உள்ளே போட்டு இறுக்கமாக மூடினார். மூன்றே நாளில் தொட்டி பேச ஆரம்பித்துவிட்டது. முதலில் நாற்றம். பிறகு வெள்ளை வெள்ளையாய்ப் புழு. அவை பால்கனிச் சுவரில் வரிசை கட்டிப் பக்கத்து வீட்டுக்குக் கிளம்பின.

பக்கத்து வீட்டு அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றாள். “ஏங்க, எங்க வீட்டுக்கு விருந்தாளி அனுப்பறதுன்னா சொல்லிட்டு அனுப்ப மாட்டீங்களா?”

“ஐயோ, மன்னிச்சுக்கங்க. நான்தான் தெரியாம...”

அக்கா அவரை விட்டுவிட்டு, அப்போதுதான் படியேறி வந்த அவர் மனைவியிடம் திரும்பினாள். குரலைத் தாழ்த்தினாள். “இவர் பரவாயில்லையா? செட் ஆயிட்டாரா?”

“ஆயிடுவார். கொஞ்சம் நாளாகும்.”

“எங்க வீட்ல ரெண்டே வாரத்துல ஆயிட்டார்பா.”

அவள் கணவருக்கும் இதே காய்ச்சலா என்று வீட்டுக்காரர் கேட்க நினைத்தார். அதற்குள் கதவு சாத்திக்கொண்டது. அவர் பதற்றத்தில் தொட்டியில் இருந்த அத்தனையையும் குப்பைப் பையில் கொட்டிக் கட்டினார். அதுவே பத்து கிலோ இருக்கும்.

போனால் போகட்டும், சனிக்கிழமை ஒன்று பாக்கி இருக்கிறதே என்று மிக்ஸியைப் பிரித்தார். அது லேசாக முனகியது, வேறு ஒன்றும் இல்லை. உடைந்ததைத் தூக்கிப் போடாமல் சரி செய்வதுதானே இந்த வீட்டுக் கொள்கை? பிரித்தார், துடைத்தார், மூட்டினார். நான்கு திருகாணி மிச்சம் வந்தது. சுவிட்சைப் போட்டதும் மிக்ஸி ஒரே ஒரு முறை கத்தியது. வீட்டில் விளக்கெல்லாம் அணைந்தது. அதன்பின் அது முனகவே இல்லை.

ஞாயிறு காலை தராசு முள் பன்னிரண்டு கிலோவைத் தாண்டி நின்றது. அதற்கு மேல் அதில் எண் கிடையாது.

மனைவி முள்ளைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். தோளிலிருந்து கால்வரை, துணிக்கடையில் சட்டையை விரித்துப் பார்ப்பார்களே, அப்படி. பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

வீட்டுக்காரருக்கு நாக்கு உலர்ந்துவிட்டது. தண்ணீர் எடுக்கப் போனவர், அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார். கீழே போக வேண்டியவற்றின் பட்டியல். பழைய குடை. இரண்டு தலையணை. மிக்ஸி. கடைசி வரியில், அதே உருண்டைக் கையெழுத்தில்: ‘இவர்?’

அந்தக் கேள்விக்குறி ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவர் நின்றார். “இது என்ன?” என்று தாளைக் காட்டினார்.

“எது? ஓ, அதுவா” என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே. “இன்னும் முடிவு பண்ணல.”

“நான் ஒண்ணும் குடை இல்ல!”

“குடைன்னு யாரு சொன்னா? பயப்படாதீங்க. நான் எதையும் குப்பையில போட மாட்டேன், உங்களுக்கே தெரியும்.” இதைச் சொன்னபோது அவள் குரலில் உண்மையாகவே அன்பு இருந்தது. அதுதான் அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

இந்த வீட்டை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? எங்கே போவேன்? யோசித்துப் பார்த்தார். ஒரு தெரு, ஒரு வீட்டு எண், ஒரு சிநேகிதன் பெயர் என்று ஒன்றும் வரவில்லை. அழுகையே வந்துவிட்டது. அவள் எவ்வளவு கண்டிப்பானவளாய் இருந்தாலும், காய்ச்சல் நாட்களில் நெற்றியில் ஈரத்துணி வைத்த கை அது. அந்தக் கையை விட்டுப் போக அவருக்கு மனமில்லை.

மறுநாள் பட்டப்பகலில், அவள் வேலைக்குப் போன பிறகு, எடுத்துக்கோ அறைக்கு இறங்கிப் போனார். அறையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் காலில் விழுந்தாவது ஏற்பாடு செய்துவிட வேண்டும். மனைவி தன்னைக் கூட்டி வந்தால் இடமில்லை என்று சொல்லச் சொல்ல வேண்டும்.

அங்கே இதுவரை போனதில்லை என்றுதான் நினைத்திருந்தார். ஆனால் தாழ்வான நிலைப்படி வந்ததும் தலை தானாகக் குனிந்தது. உள்ளே இருட்டு இல்லை, இருந்தாலும் குளிர்ந்தது. அலமாரி அலமாரியாகச் சாமான்கள், ஒவ்வொன்றிலும் சீட்டு, எல்லாம் வாசலைப் பார்த்தபடி. பாத்திரம், பொம்மை, கடிகாரம். கடிகாரங்கள் ஓடவில்லை. மூலையில் அவருடைய நாற்காலி. அதற்குப் பக்கத்தில் ஒரு நீளமான பெஞ்சில் மூன்று பேர் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் அவரைப் பார்த்துத் தெரிந்தவர்போல் தலையாட்டினார்.

சாமான் எடுக்க வந்தவர்களாக்கும் என்று வீட்டுக்காரர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அறைக்கார அம்மாள் பழைய சட்டையை வெட்டிப் பை தைத்துக்கொண்டிருந்தாள். “வாங்க சார், எப்படி இருக்கீங்க? முகத்துல தெளிவு வந்திருக்கு.”

“அம்மா, ஒரு உதவி. சொன்னா சிரிக்கக் கூடாது.”

“சொல்லுங்க.”

“என் வீட்டம்மா என்னை இங்க கொண்டுவந்து வெச்சாலும் வெச்சிடுவாங்க. பட்டியல்ல எழுதிட்டாங்க. கொஞ்சம் தப்புப் பண்ணிட்டேன், இல்லேங்கல. எண்ணெய், புழு, மிக்ஸி எல்லாம் நான்தான். ஆனா திருந்திடுவேன். அவங்களை விட்டுட்டு என்னால இருக்க முடியாது. நீங்க தயவுசெஞ்சு என்னை வாங்கிக்கக் கூடாது.” கையெடுத்துக் கும்பிட்டார்.

அம்மாள் சிரிக்கவில்லை. ஊசியைச் சட்டையில் குத்தி வைத்துவிட்டு, எழுந்து வந்து அவர் தோளில் தட்டிக் கொடுத்தாள்.

“அடடா, இதுக்கா இவ்வளவு கலங்கறீங்க? ஒண்ணரை மாசம் முன்னாடி உங்க வீட்டம்மா இந்த பெஞ்சுலேருந்துதானே உங்களை எடுத்துட்டுப் போனாங்க? ஒருதடவை எடுத்துட்டுப் போனதைத் திருப்பி வாங்கற வழக்கமே இங்க கிடையாது சார்!”