என் மனைவியின் நாவலில் வரும் நாத்தனார் நீ இல்லை

டுலூத், அக்டோபர் 9

அன்புத் தங்கை அர்டிஸுக்கு, உன் அண்ணன் வெர்லின் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி கோரினும் நலம். நீயும் உன் முழங்காலும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

உன் அண்ணியின் நாவல் வெளிவந்துவிட்டது! பதினான்கு வருஷம், தபால் ஆபீஸ் வேலைக்குப் போகுமுன் விடியற்காலையில் சமையலறை மேசையில் எழுதி, அறுபத்து மூன்று பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பி, அறுபத்து நாலாவது ஆள் நியூயார்க்கிலிருந்து போன் பண்ணி "போடுறோம்" என்றதும் அவள் பாட்டுக்குத் துணி மடிக்கப் போய்விட்டாள். வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்த நான்தான் கையில் பிடித்த மண்வாரியோடு தெருவெல்லாம் ஓடிச் சொன்னேன்.

இப்போ விஷயத்துக்கு வரேன். அதுல வர்ற நாத்தனார், அதான் சாவு வீட்டுச் சாப்பாட்டைத் தூக்கிட்டுப் போறவ, நீதான்னு யாரோ கொளுத்திப் போட்டிருக்காங்க, நீயும் மூணு வாரமா போனை எடுக்கலை. சத்தியமா நீ இல்லம்மா! அந்தம்மா பேரு டெல்லா. உங்கிட்ட நாய், அவகிட்ட பூனை. வேற என்ன அத்தாட்சி வேணும்? என்னையே பாரு, முதல் அத்தியாயத்துலயே உறைஞ்ச ஏரியில பனி உடைஞ்சு புருஷன்காரன் செத்துப் போறான், நான் கோவிச்சுக்கிட்டேனா?

போன வியாழக்கிழமை கோரின் நூலகத்துல நாவலைப் படிச்சுக் காட்டினா. நூத்தி நாப்பது பேர்! ஒரு அம்மா அவ கையைப் பிடிச்சு, "உங்க வீட்டுக்காரர் இப்படிப் போயிட்டாரே"ன்னு கண் கலங்கினாங்க. நான் எழுந்து, "நான் உயிரோடதான் இருக்கேன்!"னேன். ஒரே கைதட்டல். அது தலைக்கு ஏறிடுச்சு. அடுத்து ஒருத்தர், "அந்த நாத்தனார் நிஜமா?"ன்னார். உன் மானத்தைக் காப்பாத்தணுமேன்னு மைக்கைப் பிடுங்கி, "என் தங்கை அர்டிஸ் அப்படிப்பட்டவளே இல்லை! பெமிஜி ஊர்ல ஏரிக்கரைத் தெரு, பச்சைக் கதவு வீடு, சந்தேகம்னா போய்ப் பாருங்க! துக்க வீட்டுல இருந்து பன்றித்தொடைக் கறியைத் தூக்கிட்டுப் போனது ஒரே ஒரு தடவைதான், அதுவும் முழுசா இல்ல!"ன்னேன். கோரின் கண்ணை மூடிக்கிட்டா. வர்ற சனிக்கிழமை எட்டு கார் உன் ஊருக்குக் கிளம்புதாம். ஷெரீப் போலீசைக் கூப்பிட்டுடாதே. கையெழுத்துதான் கேப்பாங்க, போட்டுக் கொடு.

உனக்கும் உன் நாய்க்கும் எல்லாச் சுகமும் கிடைக்கட்டும். நவம்பர்ல நன்றித் திருநாள் வான்கோழி விருந்துக்கு அவசியம் வந்துடு.

உன் அன்பு அண்ணன்,
வெர்லின்

பி.கு.: கோரின் இதைப் படிச்சுட்டு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறா. "நாத்தனார் அர்டிஸேதான், ஒரு எழுத்துகூட நான் சேர்க்கலை. அந்தப் புருஷன்தான் முழுக் கற்பனை. வாயே திறக்காத மனுஷனுக்கு நான் எங்கே போவேன்?"ங்கிறா.