வாரண்டி முடிவதற்குள் ஒரு சத்தம்

சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் அந்த வண்டியில் ஒரு பழுதையாவது கண்டுபிடிக்காமல் ஓய்வதில்லை என்று லிஃப்ட்காரர் சபதம் எடுத்துக்கொண்டார். மற்றவர்கள் வண்டியில் பழுது வந்துவிடக் கூடாதே என்று கும்பிடுவார்கள். இவர் ஒன்றாவது வந்து தொலையாதா என்று ஏங்கினார். காரணம் இல்லாமல் இல்லை. சனிக்கிழமையோடு வாரண்டி முடிகிறது. மூன்று வருஷ வாரண்டி. அதில் ஒரு திருகாணிகூட மாற்றியதில்லை. விருந்துக்குப் போய் வெறும் வயிறோடு திரும்பியது போல அவருக்கு மனசு ஆறவில்லை.

தெருவே அவரை லிஃப்ட்காரர் என்றுதான் கூப்பிடும். உயரமான கட்டடங்களின் லிஃப்டுகளைப் பராமரிக்கும் கம்பெனி அவருடையது. பழுதான பிறகு ஓடிப்போய் நிற்பது முட்டாள்தனம், பழுதாகும் முன்பே போய் நிற்பதுதான் தொழில் என்பது அவர் கட்சி. வீட்டில் அந்தக் கட்சிக்கு அவர் ஒருவர்தான் உறுப்பினர். சோபாவுக்கு உறை, அந்த உறைக்கு இன்னொரு உறை. டி.வி. ரிமோட் பிளாஸ்டிக் பைக்குள் கிடந்து மூச்சு முட்டியது. மழை பட்டால் கம்பி துருப்பிடிக்குமே என்று குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நனைந்தபடியே வீடு வந்து சேர்ந்த மனுஷர் அவர்.

அப்படிப்பட்டவருக்கு இப்படியொரு வண்டி மேல் எப்படி ஆசை வந்தது என்று கேட்டால், ஆசை யாரைக் கேட்டுக்கொண்டு வருகிறது? வேலையில் சேர்ந்த நாளிலிருந்து மேலேயும் கீழேயுமாகவே போய்வந்தவர். ஒரு தடவையாவது நேராகப் பறக்க வேண்டும் என்று உள்ளே ஒரு தவிப்பு. தலை நரைத்த பிறகு ஒருவழியாக வாங்கினார். சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். தரையோடு தரையாகக் கிடக்கும். இரண்டே இருக்கைகள். எஞ்சின் முதுகுக்குப் பின்னால். உள்ளே போவதென்றால் குனிந்து, மடிந்து, கடைசியில் விழ வேண்டும். வந்த நாளிலிருந்து அது ஷெட்டை விட்டு வெளியே வந்ததில்லை. தினமும் வேலை முடிந்து வந்ததும் ஷெட்டைத் திறப்பார், உறையை விலக்குவார், உள்ளே விழுவார். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு பெருமூச்சு விட்டு எழுந்து வந்து மறுபடி உறையைப் போட்டு மூடுவார். வாங்கினால் ஏக்கம் தீர்ந்துவிடும் என்று நினைத்திருந்தார். வாங்கிய பிறகுதான் அது அதிகமானது.

அவர் மனைவி காது ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள். வருகிறவர்களைச் சத்தம் புகாத சின்ன அறையில் உட்கார வைத்து, ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, "கேக்குதா? கேட்டா பட்டனை அழுத்துங்க" என்று சொல்வது அவள் தொழில். பொறுமைக்காரி. அவளுக்கும் ஒரு ஏக்கம் இருந்தது. அந்த வண்டியில் அவர் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து, கடற்கரை வரை ஒரு நாள் போய்வர வேண்டும். வண்டி வந்த வாரமே கேட்டாள்.

"போலாம். முதல்ல ரோடெல்லாம் சரியாகட்டும்."

ரோடு சரியானதும் கேட்டாள்.

"மழை முடியட்டுமே."

மழை முடிந்ததும் கேட்டாள்.

"ஒரே புழுதியா இருக்கு, பாக்கறியா இல்லையா?"

அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. ஆசையை விட்டுவிட்டாள் என்று லிஃப்ட்காரர் நினைத்துக்கொண்டார். இத்தனை வருஷம் அவளோடு குடித்தனம் நடத்திய பிறகும் அப்படி நினைக்க முடிந்ததே, அதைச் சொல்ல வேண்டும்.

வாரண்டி முடிகிற வாரம் வண்டியை சர்வீசுக்குக் கொண்டுபோனார். ஓட்டிக்கொண்டு போகவில்லை. லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். எண்ணெய்களை மாற்றினார்கள், பிரேக்கைப் பிரித்துப் பார்த்தார்கள், பெல்ட், குழாய், பேட்டரி எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தார்கள். லிஃப்ட்காரர் ஆபரேஷன் அறைக்கு வெளியே காத்திருக்கும் சொந்தக்காரர் மாதிரி நடந்துகொண்டிருந்தார். சர்வீஸ் மேனேஜர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"சார், வண்டி ஜம்முனு இருக்கு. ஒரு குறையும் இல்ல."

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்தாச்சு சார்."

"கியர் பக்கம் லேசா ஏதாவது? சும்மா சொல்லுங்க, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

"இல்ல சார். டயர் மட்டும் அடியில கொஞ்சம் தட்டையாயிருக்கு. நின்ன இடத்துலயே நிக்குதில்ல."

லிஃப்ட்காரர் முகம் மலர்ந்தது. "அப்ப டயர் மாத்திடுவீங்க."

"அதுக்கு வாரண்டி வராது. ஓட்டினா அதுவே சரியாயிடும். இந்த மாதிரி வண்டியெல்லாம் ஓட்டிக் கெடறதில்ல சார், ஓட்டாமத்தான் கெடும். போங்க, நல்லா ஒரு ஓட்டு ஓட்டிப் பாருங்க. ஏதாவது சத்தம் கித்தம் வந்தா, எங்க வருது, எப்போ வருதுன்னு சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள போன் பண்ணுங்க. எழுதிக்கறேன். எழுதிட்டா அப்புறம் அது எங்க தலைவலி."

வண்டி மறுபடி லாரியில் வீடு வந்தது. சாப்பிட உட்கார்ந்தவரின் முகத்தைப் பார்த்து அவள் கேட்டாள்.

"என்னங்க, முகம் தொங்கிப்போச்சு. வண்டிக்கு என்னவாம்?"

"ஒண்ணும் இல்லையாம்."

"நல்லதுதான?"

"என்ன நல்லது? மூணு வருஷ வாரண்டி தண்டமாப் போகுது. ஒரு சத்தம் இருந்தாப் போதுமாம், எழுதிக்குவாங்களாம். சத்தத்துக்கு நான் எங்க போறது?"

சொல்லிவிட்டு அவளையே பார்த்தார். அவருக்குப் பளிச்சென்று ஒரு யோசனை. தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார்.

"இந்தா, நீதான் காதுக்காரியாச்சே. சனிக்கிழமை என்னோட தெருமுனை வரைக்கும் வா. உக்காந்து கேட்டுச் சொல்லு."

"எனக்கு வீட்டு வேலை தலைக்கு மேல கிடக்கு."

"எனக்காக வாயேன்."

"தெருமுனையோட திரும்பிடணும்" என்று அவள் கண்டிப்பாகச் சொன்னாள்.

சனிக்கிழமை காலை ஷெட் திறந்தது. அவள் உள்ளே விழுந்ததும் பக்கத்து இருக்கையின் பிளாஸ்டிக் உறை சரசரவென்றது.

"இந்தச் சத்தம்தானே?" என்று கேட்டாள்.

"அது உறை. அதுக்கு வாரண்டி கிடையாது."

"இது இப்படிக் கத்தினா வேற சத்தம் எப்படிக் காதுல விழும்?"

நியாயம்தான். மூன்று வருஷமாகப் போட்டிருந்த உறையை அவர் கழற்றினார். தன் தோலை உரித்தது போல அவர் முகம் கோணியது. அவள் மெத்தென்ற தோல் இருக்கையில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள். வாசலில் பேப்பரோடு நின்ற எதிர்வீட்டு வக்கீல், "என்ன, இன்னிக்கு லாரி வரலையா?" என்று விசாரித்தார். லிஃப்ட்காரர் சாவியைத் திருப்பினார்.

வண்டி நகர்ந்தது. நகர்ந்தது என்பதுதான் சரியான வார்த்தை. ஒரு சைக்கிள் மணியடித்துவிட்டு முந்திக்கொண்டு போனது. வேகத்தடை வந்தபோதெல்லாம் அவர் இறங்கி, தரையில் முகத்தை வைத்துப் பார்த்து, மறுபடி ஏறி, கைக்குழந்தையைக் கடத்துவது போல வண்டியைக் கடத்தினார். தெருமுனைக்கு வந்தார்கள்.

அவள் தலையைச் சாய்த்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக் குரலில், "கதவுப் பக்கம் ஏதாவது கேக்குதா?" என்றாள்.

லிஃப்ட்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அதை எப்படிச் சொல்வது? போன வருஷம்தான் அவள் அவருடைய காதைச் சோதித்துவிட்டு, மெல்லிய சத்தம் கொஞ்சம் குறைவாகக் கேட்கிறது என்றாள். உன் மெஷினில்தான் கோளாறு என்று அவர் ஒரு வாரம் பேசாமல் இருந்தார். இப்போது கேட்கவில்லை என்றால் மெஷின் ஜெயித்துவிடும்.

"கேக்குது" என்றார்.

"எப்படி?"

"லேசா. கிறீச்னு."

"ஓ. இவ்வளவு மெதுவாப் போனா சரியாத் தெரியுமா?"

தெரியாதுதான். பெரிய ரோட்டுக்குத் திரும்பினார். கொஞ்சம் வேகம் கொடுத்தார். முதுகுக்குப் பின்னால் எஞ்சின் உறுமியது. அவர் நெஞ்சிலும் ஏதோ ஒன்று உறுமியது.

"இப்ப?" என்றாள்.

"இப்ப கிறீச் இல்ல. கடகடங்குது."

"அப்படியா? பாலம் ஏறினா?"

பாலத்தில் ஏறினார். பாலத்தில் அது லொடலொடவாக மாறிவிட்டது. அவர் சொல்லச் சொல்ல அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உன்னிப்பாகக் கேட்கிறாள் என்று அவர் நினைத்தார். ஓரமாக நிறுத்தி, சர்வீஸ் மேனேஜருக்குப் போன் போட்டார்.

"சத்தம் கிடைச்சாச்சு சார்" என்றார், தொலைந்த பிள்ளை கிடைத்த சந்தோஷத்தோடு.

"என்ன வேகத்துல வருது?"

போனைக் கையால் பொத்திக்கொண்டு மனைவியைப் பார்த்தார். "என்ன வேகத்துல?"

"எனக்கு எப்படித் தெரியும்? போய்ப் பாத்தாத்தான? கடற்கரை ரோடு காலியா இருக்கும்னு சொல்லிக்கறாங்க."

அந்த ரோடு நேராக இருந்தது. வேகத்தடை இல்லை. ஆள் இல்லை. லிஃப்ட்காரர் காலை அழுத்தினார். மரங்கள் பின்னால் ஓடின. காற்று உள்ளே புகுந்து அவருடைய மிச்ச முடியையும் கலைத்தது. அவருக்குச் சிரிப்பு வந்தது. ஏன் வந்தது என்று தெரியவில்லை, நிற்கவும் இல்லை. இத்தனை நாளும் ஷெட்டுக்குள் கண்ணை மூடிக்கொண்டு நினைத்துப் பார்த்தது இதைத்தான். நினைத்ததை விட நன்றாக இருந்தது. அவள் ரோட்டைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையும், ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தாள். கேட்குதா என்று அவளும் கேட்கவில்லை, கேட்குது என்று அவரும் சொல்லவில்லை.

ரோடு முடிந்த இடத்தில் கடல் இருந்தது. இரண்டு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் உட்கார்ந்தார்கள். அவள் தண்ணீரில் கால் நனைத்துவிட்டு வந்தாள். மறுபடி போனாள். மறுபடி வந்தாள். வெயில் சாய்ந்தது. அப்போதுதான் போன் அடித்தது.

"சார், கடையைச் சாத்தப்போறோம். என்ன மாதிரிச் சத்தம்னு சொல்லுங்க, எழுதிக்கறேன்."

லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார். கிறீச்சா, கடகடவா, லொடலொடவா என்று குழம்பிப்போனது. மனைவி பக்கம் திரும்பினார்.

"நீயே சொல்லும்மா. என்ன சத்தம் அது?"

"எந்தச் சத்தம்?"

"வண்டியில வந்ததே."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே. நீங்கதான் கேக்குது கேக்குதுன்னு சொல்லிட்டே வந்தீங்க."

"நீதான கதவுப் பக்கம்னு சொன்னே?"

"சொல்லல. கேக்குதான்னு விசாரிச்சேன். எங்ககிட்ட தினமும் நாலு பேர் வருவாங்க. நான் சத்தமே அனுப்பியிருக்க மாட்டேன். காது மந்தம்னு சொல்லிடுவோமோங்கற பயத்துல பட்டனை அழுத்தோ அழுத்துன்னு அழுத்துவாங்க."

போனுக்குள் மேனேஜர் சார், சார் என்றார். ஏதாவது ஒரு சத்தத்தைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் எழுதிக்கொள்வார். ஆனால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு அவரையே பார்த்தாள். பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"ஒண்ணும் இல்ல சார். வண்டி நல்லா இருக்கு. நீங்க சாத்திட்டுப் போங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அந்த நிமிஷத்தோடு வாரண்டி முடிந்தது. இடி விழும் என்று எதிர்பார்த்தார். ஓர் அலை வந்து திரும்பிப் போனது.

"இதுக்காகவா இவ்வளவும்?" என்று கேட்டார். "வண்டியில உக்காரணும்னு இவ்வளவு ஆசையா உனக்கு?"

"வண்டியில என்ன இருக்கு? உங்களோட எங்கயாவது போகணும்னுதான் ஆசை. கல்யாணமான புதுசுல ஒரு ஓட்டை ஸ்கூட்டர் வச்சிருந்தீங்களே. இல்லாத சத்தம் கிடையாது அதுல. அதுலயே இங்க எத்தனை தடவை கூட்டிட்டு வந்தீங்க. அப்புறம் எல்லாம் புதுசா வாங்க ஆரம்பிச்சீங்க. நாம எங்கயும் போகல."

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. அவளுக்கும் அந்த வண்டிக்கும் ஒரே கதிதான் என்று அவருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. இருட்டும் வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரும்பும்போது வேகத்தடைகளில் இறங்கவில்லை.

அடுத்த வாரம் முழுக்க அவருக்கு வேலை ஓடவில்லை. லிஃப்டில் மேலே போகும்போதும் அந்த நேர் ரோடுதான் கண்ணில் நின்றது. கால் தன்னால் தரையை அழுத்தியது. ஆனாலும் நேராகப் போய், வா போகலாம் என்று கூப்பிட அவருக்குக் கௌரவம் இடம் தரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை குளித்து முழுகி, நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு, சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"என்னமோ தெரியல" என்றார். "வண்டி நிக்கும்போதே பின்பக்கம் லேசா ஒரு சத்தம் வர்ற மாதிரி இருக்கு. மலைப்பாதை வரைக்கும் போய்ப் பாத்தாத்தான் தெளிவாத் தெரியும்."

அவள் அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்தாள். வெளியே போனாள். ஒத்துக்கொண்டுவிட்டாள் என்று குஷியாகச் சாவியைத் தேடினார். சாவியைக் காணோம். அலமாரியில் இல்லை, மேஜையில் இல்லை, சட்டைப் பையில் இல்லை. தேடிக்கொண்டே இருக்கும்போது ஷெட்டில் எஞ்சின் உறுமியது. லிஃப்ட்காரர் வாசலுக்கு ஓடினார். சிவப்பு வண்டி வெளியே வந்து நின்றது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டுச் சொன்னாள்:

"ஏறுங்க. சத்தம் உங்களுக்குத்தான கேக்குது? நீங்க உக்காந்து கேட்டுக்கிட்டே வாங்க, நான் ஓட்டறேன்."