மேற்படி பச்சை நீர் தொடர்பாக

வீடு பார்க்க வருகிற சம்பந்திக்கு என்ன குடிக்கக் கொடுப்பது என்பது சாந்தோமில் எப்போதோ முடிவாகிவிட்ட விஷயம். காபி. வெயில் கொளுத்தினால் ரோஸ்மில்க். இதில் மூன்றாவதாக ஒன்றுக்கு இடம் இருக்கிறது என்று அந்தச் சந்தில் யாரும் நினைத்ததில்லை, ஐரின் உட்பட.

புதன்கிழமை காலை வரை ஐரின் நிம்மதியாகத்தான் இருந்தாள். நிம்மதி என்றால் அவளுக்கு வாய்க்கிற அளவு நிம்மதி. வாசல் கதவுக்கு அடித்த பெயின்ட் காயுமா, முறுக்கு நமுத்துப் போகுமா, மாதா படத்துக்குப் பின்னால் இருக்கிற பல்லி சம்பந்தி வருகிற அன்றைக்குப் பார்த்து வெளியே வருமா என்கிற சாதாரணக் கவலைகள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் ஈவ்லின் வீட்டார் அடையாறிலிருந்து வருவதாக ஏற்பாடு. ஈவ்லினும் ஐரினின் மகன் ஆஸ்வினும் வேளச்சேரியில் ஒரே ஆபீசில் வேலை பார்த்து, தாங்களே முடிவு செய்துகொண்டவர்கள். இன்னும் முடிவு செய்யாத ஒரே ஆள் ஈவ்லினின் அம்மா. சந்துக்குள் இருக்கிற பழைய வீட்டில் தன் பெண்ணுக்கு ஒத்துவருமா என்று பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருந்தார்.

புதன்கிழமை ஆஸ்வின் போனைக் கொண்டுவந்து நீட்டினான். அதில் ஒரு கண்ணாடி டம்ளர். கீழே வெள்ளை, மேலே பச்சை, நடுவில் ஐஸ் கட்டி.

“ஈவ்லின் அம்மா தினம் காலையில இதத்தான் போட்டோ போடுறாங்க. நீ பாட்டுக்கு காபி குடுத்து மானத்த வாங்கிடாதம்மா.”

“என்னடா இது?”

“ஐஸ் மாட்சா லாட்டே.”

“யாருக்காவது உடம்பு சரியில்லயா?”

“டீத்தூள்மா. பால் ஊத்திக் குடிப்பாங்க.”

“டீத்தூள் எதுக்குடா பச்சையா இருக்கு?”

“பச்சையா இருக்கறதாலதான் அதுக்கு அந்த வெல.”

இந்த விளக்கத்துக்குப் பிறகு கேட்பதற்கு ஒன்றுமில்லை. ஐரின் பையை எடுத்துக்கொண்டு சந்து முனையிலிருக்கும் ஷாஹுல் ஹமீது மளிகைக் கடைக்குப் போனாள். அங்கெல்லாம் இருக்காது, அடையாறுக்குப் பஸ் ஏற வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டே கேட்டாள். அவர் கடுகுப் பொட்டலங்களுக்குப் பக்கத்திலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து வைத்தார்.

“நல்லா இருக்குமா பாய்?”

“நெறைய போகுதும்மா. நல்லா இல்லன்னு ஒருத்தர்கூடத் திரும்பி வந்து சொன்னதில்ல.”

அந்த வார்த்தை ஐரினுக்குப் பெரிய தைரியமாக இருந்தது.

டீ என்றால் கொதிக்க வேண்டும். அதில் ஐரினுக்குச் சந்தேகம் கிடையாது. பாலில் தூளைப் போட்டுக் கொதிக்கவிட்டாள். மழை பெய்து முடிந்த குளம் ஒன்று அடுப்பில் ஏறிப் பொங்கி வந்தது. அதைச் சிங்க்கில் ஊற்றினாள். அடுத்த முறை கொதிக்கிற வெந்நீரில் கலக்கினாள். நாக்கில் பட்டதும் காது வரை கசந்தது. அதையும் ஊற்றினாள். மூன்றாவது முறை பச்சைத் தண்ணீரில் கலக்க, தூள் கரையாமல் கட்டி கட்டியாக ஐஸோடு சேர்ந்து மிதந்தது.

அவள் கணவர் ராஜநாயகம், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், சமையலறை வாசலில் வந்து நின்றார்.

“இன்னிக்குக் கீரை மசியலா?”

“குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க.”

அவர் ஒரு வாய் குடித்தார். விடைத்தாள் திருத்துகிறவர்போல வெகுநேரம் யோசித்தார்.

“கெட்டுப் போயிடுச்சுன்னு சொல்ல முடியாது. ஆனா முன்னாடி நல்லா இருந்திருக்கும்னும் தோணல.”

அதுவும் சிங்க்கில் போனது. வியாழக்கிழமை முழுவதும் இப்படியே போயிற்று.

வெள்ளிக்கிழமை காலை கதவு தட்டப்பட்டது. கழுத்தில் அடையாள அட்டையும் கையில் பிளாஸ்டிக் உறையிட்ட இன்னொரு அட்டையுமாக ஒருவர் நின்றார். காயாத பெயின்டில் அவர் விரல் பதிந்திருந்தது.

“நிறமாற்றக் கண்காணிப்புப் பிரிவும்மா. அசோகன்னு பேரு. ஒங்க வீட்டு வடிகால்ல பச்சையா வந்துகினு கீது.”

கால்வாய்த் தண்ணீரின் நிறத்தைக் கவனிக்கவென்றே ஒரு பிரிவு தொடங்கப்பட்டிருப்பது ஐரினுக்குத் தெரியாது. தண்ணீரைச் சுத்தம் செய்வது வேறு பிரிவு. அந்தப் பிரிவுக்கு இன்னும் ஆள் போடவில்லை. நிறம் பார்க்கிற பிரிவுக்கு மட்டும் ஆள், அட்டை, பைக்குக்குப் பெட்ரோல் எல்லாம் வந்துவிட்டது.

அசோகன் கையிலிருந்த அட்டையைக் காட்டினார். ‘வடிகால் நீர்: அனுமதிக்கப்பட்ட நிறங்கள்’ என்று தலைப்பு. அதன் கீழே கறுப்பு, சாம்பல், பழுப்பு என்று மூன்று கட்டங்கள்.

“பச்ச இல்ல பாருங்க.”

“கறுப்பா வந்தா பரவாயில்லயா?”

“கறுப்பு தாராளமா வரலாம்.”

“சுத்தமான தண்ணியா வந்தா?”

அசோகன் முகம் மாறியது. “அந்தத் தப்ப மட்டும் பண்ணிடாதீங்கம்மா. சுத்தமா வந்துச்சுன்னா குடிதண்ணிக் குழாய் ஒடஞ்சு கலக்குதுன்னு அர்த்தம். தெருவையே தோண்டிப்புடுவாங்க.”

ஐரின் அவரை உட்காரவைத்து, நடந்ததைச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“இது குடிக்கிற பொருள்தானே?”

“ஆமா.”

“அப்போ எதுக்குக் கொட்னீங்க?”

“குடிக்க முடியல.”

“குடிக்க முடியலன்னா அது பானம் கெடையாதும்மா. பானம் இல்லாத கலர்த் தண்ணி எங்க பிரிவுல இன்னா தெரியுமா? ரசாயனம். வீட்ல ரசாயனம் கலக்கினீங்கன்னா அது தொழிற்சாலை.”

“ஐயோ, இது வீடுங்க. மாதா படத்தப் பாருங்க.”

“தொழிற்சாலைலயும் சாமி படம் மாட்டிக் கீறாங்கம்மா.”

போகும்போது ஒரு நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார். ராஜநாயகம் அதை வகுப்பில் பாடம் வாசிக்கிற குரலில் வாசித்தார். ‘பொருள்: பச்சை நீர் வெளியேற்றம் தொடர்பாக. மேற்படி முகவரியில் தயாரிக்கப்படும் மேற்படி திரவம் பானமா, ரசாயனமா என்பது சனிக்கிழமையன்று உயர் அலுவலர் முன்னிலையில் அருந்தி முடிவு செய்யப்படும். பானம் என நிறுவத் தவறும் பட்சத்தில் மேற்படி வடிகால் சிமென்ட் கொண்டு அடைக்கப்படும் என்பது இதன்மூலம் அறிவிக்கப்படுகிறது.’

“அறிவிக்கப்படுகிறது,” என்று அவர் இன்னொரு முறை சொன்னார். “வாக்கியம் சரியாத்தான் இருக்கு.”

ஐரின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மா வருகிறபோது சிங்க்கில் தண்ணீர் நிற்கும். வாசலில் தொழிற்சாலை என்று நோட்டீஸ் தொங்கும். கதவில் ஓர் அரசு அலுவலரின் விரல் ரேகை இருக்கும். எந்த அம்மா இந்த வீட்டில் பெண் கொடுப்பாள்?

அன்றைக்கு முழுவதும் அவள் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. போனில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே செய்துகாட்டுவதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். தூளை டீ வடிகட்டியில் சலித்தாள். வெந்நீர் கொதிக்கக் கூடாது, விரல் வைத்தால் தாங்க வேண்டும் என்று கண்டுபிடித்தாள். அந்தப் பெண் மூங்கில் பிரஷ்ஷால் கலக்கினாள். ஐரினிடம் கீரை மத்துதான் இருந்தது. உள்ளங்கை காந்துகிற வரை அதை வைத்துக் கடைந்தபோது மேலே நுரை கட்டியது. டம்ளரில் ஐஸ் போட்டு, சர்க்கரை கலந்த பாலை ஊற்றி, அதன்மேல் பச்சையை மெதுவாக விட்டாள். கீழே வெள்ளை, மேலே பச்சை. அச்சு அசல் போட்டோவில் பார்த்ததுபோலவே இருந்தது. வாயில் வைத்தால் மட்டும் பழையபடியேதான் இருந்தது. சிங்க்கில் ஊற்றப் பயந்து மிச்சத்தைக் குரோட்டன்ஸ் தொட்டிக்கு ஊற்றினாள். செடி பட்டுப்போகுமா என்று ஒரு கவலை கூடியது.

சனிக்கிழமை அசோகனோடு உதவி இயக்குநர் வந்தார். தலைக்கு டை அடித்து, சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருந்தார். ஐரின் ஆளுக்கொரு டம்ளர் வைத்தாள். ஐஸ் கலகலவென்று சத்தம் போட்டது.

நடைமுறைப்படி இளநிலை ஊழியர் முதலில் குடிக்க வேண்டும். அசோகன் குடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது.

“எப்படிப்பா?”

“முடியல சார். புல்லு மாதிரி கீது.”

ஐரினுக்குச் சிமென்ட் வாசனையே வந்துவிட்டது.

“இதுக்கு முன்னாடி இதக் குடிச்சிருக்கியா?” என்றார் உதவி இயக்குநர்.

“இல்ல சார்.”

“குடிக்காத ஆளு எப்படிக் கருத்துச் சொல்லலாம்? நான் தி.நகர்ல குடிச்சிருக்கேன். பொண்ணு கூட்டிட்டுப் போனா. அங்க இதுக்குன்னே தனியா கடை இருக்கு. ஏசி. வரிசையில நின்னுதான் வாங்கணும்.”

“அங்க எப்படி சார் இருந்துச்சு?”

உதவி இயக்குநர் டம்ளரை எடுத்தார். பதவிப் பிரமாணம் எடுக்கிறவர்போல நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்து முடித்து, டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார். கைக்குட்டையால் வாயை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

“இப்படித்தான் இருந்துச்சு.”

“அப்போ இது பானமா சார்?”

“நான் குடிச்சிருக்கேன். நான் ரசாயனம் குடிப்பேனா? இப்ப நீ சொல்லு. எப்படி இருக்கு?”

அசோகன் மிச்சத்தை விழுங்கினார். “இப்ப நல்லா கீது சார்.”

உத்தரவு அங்கேயே எழுதப்பட்டது. மேற்படி திரவம் பானம் எனத் தீர்மானிக்கப்பட்டது. மேற்படி வீட்டின் வடிகால் நிறம் இனி ‘பச்சை’ எனப் பதிவு செய்யப்பட்டது. ஐரின் இரண்டு பேருக்கும் கைகூப்பினாள். அவர்கள் குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள். ஆளுக்கு ஒரு சொம்பு.

ஞாயிற்றுக்கிழமை ஈவ்லின் வீட்டார் வந்தார்கள். பல்லி வரவில்லை. ஐரின் தட்டை நீட்டியதும் ஈவ்லினின் அம்மா டம்ளரைக் குனிந்து பார்த்தார்.

“அடடா. மாட்சாவா?”

“நீங்க இதுதான் குடிப்பீங்கன்னு ஆஸ்வின் சொன்னான்.”

“ஆமா, ஆமா. நாங்க காபியெல்லாம் விட்டாச்சு.” அவர் ஒரு வாய் குடித்தார். “எங்க வீட்டுதவிட நல்லா இருக்கு. கடையில வாங்குன மாதிரி. கை கழுவ எங்க போகணும்?”

ஐரின் வழி காட்டினாள். அவர் டம்ளரையும் கையோடு எடுத்துக்கொண்டு போனார். குடித்துக்கொண்டே கை கழுவுவது அடையாறுப் பழக்கமாக இருக்கும் என்று ஐரின் நினைத்துக்கொண்டாள். அவர் திரும்பி வந்ததும் ஈவ்லினின் அப்பாவுக்குக் கை கழுவ வேண்டியிருந்தது. பிறகு ஈவ்லினுக்கு. பிறகு, அவன் வீடாக இருந்தும், ஆஸ்வினுக்கு. ராஜநாயகம் எழுந்திருக்கச் சோம்பல்பட்டு, பக்கத்திலிருந்த குரோட்டன்ஸ் தொட்டியைப் பார்த்தார்.

ஐந்து டம்ளரும் காலியாகத் தட்டுக்கு வந்து சேர்ந்தன.

“நல்ல குடும்பம்,” என்று ஈவ்லினின் அம்மா புறப்படும்போது சொன்னார். “நம்மள மாதிரியே இருக்கீங்க. தேதி பாத்துடலாம்.”

ஐரின் மாதா படத்துக்கு மெழுகுதிரி ஏற்றிவிட்டுப் பின்பக்கம் போனாள். வடிகாலில் பச்சை நுரை பொங்கிக்கொண்டு தெருவைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்கு அவள் ஒரு சொட்டுக்கூட ஊற்றவில்லை. யார் ஊற்றியது என்பது கல்யாணம் நிச்சயமான வீட்டில் கேட்கிற கேள்வி இல்லை என்று உள்ளே வந்துவிட்டாள்.

கல்யாணம் முடிந்து ஈவ்லின் அந்த வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, ஐரின் மத்தை எடுத்துக் கடையத் தொடங்கினாள். மருமகள் சமையலறை வாசலில் தயங்கி நின்றாள்.

“அத்த, கோவிச்சுக்காதீங்க. காபி இருக்கா?”

“நீ அதெல்லாம் விட்டாச்சுன்னு அம்மா சொன்னாங்களே.”

“அம்மா சொல்லுவாங்க. போட்டோ எடுத்து முடிச்சதும் அம்மாவும் காபிதான் குடிப்பாங்க.”

ஐரின் மத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். பில்டரில் பொடி போட்டாள். வீட்டில் மறுபடியும் காபி மணத்தது. இனிமேல் ஒரு கவலையும் இல்லை என்று நினைத்தாள். அப்படி நினைத்ததே தப்பு என்று பிறகு தெரிந்தது.

மாதம் முடிவதற்குள் அசோகன் வந்து நின்றார். கையில் புது நோட்டீஸ். ‘பச்சை எனப் பதிவு பெற்ற மேற்படி வடிகாலில் சில நாட்களாகப் பழுப்பு நீர் மட்டுமே வருவது கண்டறியப்பட்டுள்ளது. பதிவு பெற்ற நிறத்தை முன் அனுமதியின்றி மாற்றியது ஏன் என்பதற்குத் தக்க விளக்கம் அளிக்க வேண்டும்.’

“பழுப்பு அனுமதிச்ச கலர்தானங்க?”

“மத்தவங்களுக்கும்மா. நீங்க பச்ச.”

“பழையபடி மாத்திக் குடுத்துடுங்களேன்.”

“மாத்தணும்னா அது பானம் இல்லன்னு எழுதணும். சார் குடிச்சுட்டாரே. அவரு ரசாயனம் குடிச்சாருன்னு நான் எழுத முடியுமா?” அசோகன் குரலைத் தணித்துக்கொண்டார். “காலையில ஒரு டம்ளர் ஊத்தி வுட்டுடுங்கம்மா, போதும். குடிக்கணும்னு ரூல் ஒண்ணும் இல்ல.”

அவர் கையிலிருந்த அட்டை புதிதாக இருந்தது. அதில் நான்காவதாகப் பச்சைக் கட்டம் ஒன்று சேர்ந்திருந்தது.

“அடையாறு, தி.நகர், மயிலாப்பூரு, எங்க பாத்தாலும் இதான் ஓடுது. எத்தினி பேருக்கும்மா நோட்டீஸ் குடுக்கறது? அட்டையவே மாத்திட்டாங்க.” சொல்லிவிட்டு அவர் சமையலறைப் பக்கம் மூக்கை உயர்த்தினார். “காபியா?”

அதிலிருந்து அந்த வீட்டில் காலை நேரம் ஒழுங்காக நடக்கிறது. ஈவ்லின் மத்தால் நுரை வரக் கடைகிறாள். கீழே வெள்ளை, மேலே பச்சை. ஜன்னலோரம் வைத்துப் போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்புகிறாள். அம்மா தன் டம்ளரைப் போட்டோ எடுத்து அனுப்புகிறார். பிறகு ஐரின் அதைச் சிங்க்கில் ஊற்றுகிறாள். அசோகன் வெளியே குனிந்து பார்த்துத் தலையாட்டுகிறார். அப்புறம் எல்லோரும் காபி குடிக்கிறார்கள், அசோகன் உட்பட.

ஒரு நாள் டப்பா காலியாகிவிட்டது. விடிந்தால் கால்வாய்க்கு என்ன பதில் சொல்வது என்று பதறி ஐரின் கடைக்கு ஓடினாள்.

“காபித்தூள் ஒண்ணு, மாட்சா ஒண்ணு குடுங்க பாய்.”

ஷாஹுல் ஹமீது இரண்டையும் ஒரே பையில் போட்டார். எல்லா வீட்டுக்கும் அப்படித்தான் போடுவதுபோலக் கை தானாகப் போட்டது.

“நல்லா இல்லன்னு யாருமே சொன்னதில்லன்னு அன்னிக்குச் சொன்னீங்களே பாய்?”

“இன்னிக்கும் சொல்றேன்மா. குடிச்சவங்க யாராவது இருந்தாத்தான வந்து சொல்றதுக்கு.”